இருபத்தொரு அடி நாலு அங்குலம்

உதயப்பூருக்குப் போனது நாலு பேர்.
திணைக்களத்தின் செலவில், பன்னிரண்டு நாள்.
"குள முகாமைத்துவப் பயிற்சி" என்று கடிதத்தில் இருந்தது.
முருங்கனில் இருந்து எட்வின்,
பதவியாவில் இருந்து ஜயதிலக,
கந்தளாயில் இருந்து நஸ்ருதீன்,
முத்தையன்கட்டில் இருந்து நான்.
விசாவுக்குக் கொடுத்த படங்களில்
நால்வருக்கும் வெயில் தின்ற ஒரே கழுத்து.

முதல் ஆறு நாளும் வகுப்பறை.
குளிரூட்டி, பிஸ்கட், திரையில் அம்புக்குறிகள்.
ஏழாம் நாள் வள்ளத்தில் ஏற்றினார்கள்.

ஏரிக்கு நடுவில் வெள்ளையாய் ஒரு மாளிகை.
கரையில் இன்னொன்று, மலைபோல,
சாளரத்துக்கு மேல் சாளரமாய்.
அந்தி வெயில் சுவரில் ஏறி
மஞ்சள், பிறகு செம்மை, பிறகு
பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம்.
வள்ளத்தில் இருந்த எல்லாரும் படம் எடுத்தார்கள்.
நானும் எடுத்தேன், நாற்பத்தாறு.
எல்லாவற்றிலும் ஓரத்தில் எட்வினின் தொப்பி.

ஜயதிலகதான் கேட்டான்,
உடைந்த இங்கிலிசில், வள்ளக்காரனிடம்:
இதுக்கு எத்தனை அடி தண்ணீர்?
என் வாய்க்குள் இருந்த கேள்வி அது.
வள்ளக்காரன் மாளிகைக்கு எத்தனை அறை என்று சொன்னான்.
அறை இல்லை, அடி.
அவன் சிரித்து
ஏரிக்குள் கையை விட்டு எடுத்து
ஈரத்தை எங்களுக்குக் காட்டினான்.

அரண்மனைச் சுவரில் கண்ணாடித் துண்டுகளால் மயில்கள்.
வழிகாட்டிப் பெண் துண்டுகளின் கணக்குச் சொன்னாள்.
நான் தெய்வேந்திரத்தை நினைத்தேன்:
வெடி கொளுத்தி வயலில் மயில் கலைக்கிறவர்,
அந்த நேரம் வாயில் நல்ல சொல் வராது.

அன்றிரவு கைபேசிக்குத் தகவல் வந்தது,
கந்தோரில் இருந்து தவறாமல் வருவது:
இருபத்தொரு அடி, நாலு அங்குலம்.
பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டிக் காட்டினேன்.
ஜயதிலக தன்னுடையதைக் காட்டினான்.
விளக்கை அணைத்த பிறகும்
இரண்டு குளங்கள் அந்த அறைக்குள் நின்றன.

திரும்பி வந்த கிழமை, சிறுபோகக் கூட்டம் முடிய
துருசடியில் தெய்வேந்திரம் மறித்தார்.
படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"மாளிகை கிடக்கட்டும் தம்பி,
உது எத்தின ஏக்கர் பாயுது?"
தெரியாது என்றேன். நான் பார்த்த பக்கத்தில்
வாய்க்கால் ஒன்றையும் காணவில்லை என்றேன்.
"அப்ப, பாக்கிறதுக்கோ?"
"பாக்கிறதுக்குத்தான்."

"பாக்கிறதுக்கு எண்டு ஒரு குளம்!"
சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.
"தையில உந்தக் கட்டாலதான் நாங்கள் போனது.
சைக்கிளில நெல்லு மூட்டை, மூட்டைக்கு மேல மோள்.
குளம் முட்டி நிண்டிருக்க வேணும்,
அந்த வரியம் நல்ல மழை.
எனக்கு ஞாபகம் இல்லை.
ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பேல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று நானும் இதே கட்டில்தான், பதினாறு வயது,
முன்னால் போனவரின் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு.

அளவுகோலின் உச்சியில் ஒரு நீர்க்காகம்
செட்டையை விரித்துக் காயப்போட்டிருந்தது,
சரியாக எண்ணை மறைத்து.
பறக்கட்டும் என்று இரண்டு பேரும் நின்றோம்.
அவருக்கு ஒட்டுசுட்டான் பஸ்சுக்கு நேரம். போகவில்லை.
அக்கரைப் பாலைமரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாய் நின்றன,
ஒரு மீன் குதிக்க
ஒரு மரம் மட்டும் கலங்கியது.
"வடிவுதான்," என்றார்,
யாரையோ குற்றம் சாட்டுவதுபோல.

ஒரு காந்தம் வாங்கி வந்திருந்தேன்:
நீல ஏரி, வெள்ளை மாளிகை, கட்டைவிரல் அளவு.
கந்தோரில் குளிர்ப்பெட்டி இல்லை.
இரும்பு அலுமாரியில் ஒட்டினோம்,
நீர்மட்டத் தாளைப் பிடித்துக்கொள்ள.
சித்திரை வரை பிடித்தது.
வயலுக்குத் தண்ணீர் திறந்த பிறகு
தாளுக்கு மேல் தாள் சேர,
மாளிகை நாளுக்கு ஒரு விரல் இறங்குகிறது.
காலையில் முதலில் வருகிறவர்
மேலே தள்ளிவிட்டு
அளவு பார்க்கப் போகிறார்.